இருபது நிமிடத்தில் தளர்ந்துபோகாத குற்றப்படம் எடுப்பது எப்படி

சிறு செலவில் தனியார் முயற்சியாக எடுக்கப்படும் குற்றப்படங்களில் பல, நல்ல முன்னோட்டத்தாலும் துணிச்சலான முதல் காட்சியாலும் நம்மை ஈர்த்துவிட்டு, இருபது நிமிடத்திற்குப் பின் தளர்ந்துபோகின்றன. பணம் போதவில்லை என்பதே வழக்கமான விளக்கம். நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. குற்றம் நடக்கும் ஊர் எப்படி இயங்குகிறது என்பதை எழுதும்போதே மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். சிங்கப்பூரில் தமிழில் குற்றக்கதை எடுக்க நினைப்பவர்கள், கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன்பே சிலவற்றைச் செய்துபார்க்கலாம்.

முதலில், குற்றவாளி நடக்கும் பாதையை நீங்களே நடந்துபாருங்கள். நான் எழுதிய 50 நிமிடப் படமொன்றில், நாயகன் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு பெரிய பெட்டியை மின்தூக்கியில் இறக்கி, கீழ்த்தளத்தைக் கடந்து, பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துச் செல்வான். நண்பர்களுக்குத் திரையிட்டபோது, பாதுகாவலராக வேலை பார்க்கும் மாமா ஒருவர் பின்வரிசையிலிருந்து, “தம்பி, லிப்ட்டுல கேமரா இல்லையா?” என்று உரக்கக் கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்த எந்தக் காட்சியும் எவரையும் பதறவைக்கவில்லை. காவல்துறை 2012இல் தொடங்கி 2016க்குள் ஏறத்தாழ 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் கேமரா பொருத்தியிருக்கும் ஊரில், அந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அதை மறைக்க முயலாமல் கதைக்குள் கொண்டுவாருங்கள். அகப்படுவோம் என்று தெரிந்தே ஒருவன் ஏன் அதைச் செய்கிறான் என்பது, யார் செய்தது என்பதைவிட இங்கே வலுவான கேள்வி.

அடுத்து, குற்றத்தை இந்த மண்ணிலிருந்தே எடுங்கள். துப்பாக்கி வேண்டாம் என்பது என் கருத்து: காயப்படுத்தும் நோக்கத்துடன் சுட்டாலே மரண தண்டனை விதிக்கும் நாட்டில், கையில் துப்பாக்கியுடன் சந்து சந்தாக ஓடும் ரவுடியைப் பார்த்தவுடன் நம்பிக்கை போய்விடுகிறது. மாறாக, உரிமமின்றி வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடன்முதலைக்கு வேலை செய்யும் ஓர் இளைஞனை எண்ணிப்பாருங்கள். அவனே கடன்பட்டவன்; வட்டி கட்ட முடியாததால் அடுத்தவர் வீட்டுக் கதவில் சாயம் ஊற்ற ஒப்புக்கொண்டவன். படிக்கட்டுச் சுவரில் வீட்டு எண்ணையும், ‘கடன்பட்டால் கட்டு’ என்று பொருள்படும் ‘O$P$’ என்பதையும் மார்க்கர் பேனாவால் எழுதுகிறான். வேலை முடிந்ததற்குச் சான்றாகக் கைப்பேசியில் படம் எடுக்கும்போது, கதவோரத்தில் கிடக்கும் சிறு குழந்தையின் பள்ளிக் காலணி படத்தில் விழுகிறது. முதல்முறை பிடிபட்டாலே ஐந்தாண்டு வரை சிறையும் மூன்று முதல் ஆறு பிரம்படிகளும் கிடைக்கலாம் என்பது பார்வையாளருக்கும் தெரியும். பின்னணி இசையே இல்லாமல் இந்தக் காட்சி நிற்கும்.

பேச்சைப் பற்றி ஒரு மனக்குறை. சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் வளர்ந்த பாத்திரம் வடசென்னைத் தமிழில் மிரட்டுவதைக் கேட்டுச் சலித்துவிட்டது. காப்பிக் கடையில் ‘தாபாவ்’ (பொட்டலம்) சொல்லிவிட்டுத் திரும்பி, தணிந்த குரலில் “எப்ப கட்டுவ, லா?” என்று கேட்பவனே எனக்கு அச்சம் தருகிறான். வசனத்தை நடிகர்களைக் கொண்டு உரக்கப் படிக்கவைத்து, அவர்கள் வாய் தடுக்கும் இடங்களைத் திருத்துங்கள்.

படப்பிடிப்பு அட்டவணையில் இறுதிக்காட்சியை முதல் சில நாள்களுக்குள் வையுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால், ஆளும் பணமும் ஓய்ந்த நேரத்தில், மோத வேண்டிய இருவர் மேசையில் அமர்ந்து நடந்ததையெல்லாம் விளக்கிக்கொள்ளும் காட்சியாக அது சுருங்கிவிடும். படம் ஏமாற்றம் தரும் இடங்களில் இதுவே முதன்மையானது. வீவக கீழ்த்தளத்தில் எடுப்பதற்கு நகர மன்றத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். ஒலிப்பதிவில் சிக்கனம் பார்க்காதீர்கள். மங்கலான படத்தைப் பொறுப்பவர்கள்கூட கேட்காத வசனத்தைப் பொறுப்பதில்லை.

முதல் தொகுப்பு முடிந்ததும், உங்களைத் தெரியாத ஒருவரை அழைத்துப் போட்டுக்காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். அவர் கைப்பேசியை எடுக்கும் நிமிடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அதற்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து திரைக்கதையைத் திரும்பப் படியுங்கள். என் படத்தில் அது 23ஆம் நிமிடம். மின்தூக்கிக் கதவு அதற்குச் சற்று முன்புதான் மூடியிருந்தது.