மழைக்குப் பின் மீட்டர் காட்டிய நல்ல எண்: வீட்டு ஹாம் ஆண்டெனாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடொன்றின் பின்புறத்தில், உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் வானொலிக்காக நான் கட்டிய முதல் ஆண்டெனா, கட்டிய அன்று 1.6 என்ற எஸ்டபிள்யூஆர் அளவைக் காட்டியது (1.0 என்றால் எதுவும் திரும்பி வருவதில்லை). அனுப்பும் ஆற்றலில் சிறு பங்கு ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதே அதன் பொருள். கவலைப்பட வேண்டிய அளவு அல்ல. அக்டோபர், நவம்பர் மழை கொட்டித் தீர்த்த பிறகு அதே மீட்டர் 1.1 காட்டியது. நான் எதையும் தொடாமலே ஆண்டெனா திருந்திவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் ஈப்போவில் வழக்கமாக என்னைக் கேட்கும் நண்பருக்கு அந்த வாரம் என் குரல் எட்டவே இல்லை. ஏணி வைத்து ஏறி, கம்பியின் நடுவில் கேபிளை இணைத்திருந்த பிஎல்-259 கனெக்டரைத் திருகிக் கழற்றியபோது உள்ளங்கையில் தண்ணீர் சொட்டியது. கேபிளின் செம்புப் பின்னல் பச்சை பூத்து, ஓரங்களில் கருத்திருந்தது. ஈரம் ஊறிய கேபிள் ஆற்றலை வழியிலேயே தின்றுவிட்டதால், மேலே போய்த் திரும்பி வருவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி வராததை மீட்டர் நல்ல எண்ணாகக் காட்டிவிட்டது.

புதிதாக ஆண்டெனா கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து. எஸ்டபிள்யூஆர் 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சோதனைக்குப் பயன்படும் 50 ஓம் போலிச் சுமையைக் கேபிளின் முனையில் மாட்டினாலும் மீட்டர் 1.0 தான் காட்டும். அது அடுத்த தெருவுக்குக்கூட ஒலியை அனுப்பாது, சூடேறும், அவ்வளவே. வானொலியும் கேபிளும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே மீட்டர் சொல்கிறது. கம்பி எங்கே தொங்குகிறது, எதற்கு அருகில் தொங்குகிறது, மழையில் என்ன ஆகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஈரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிஎல்-259 கனெக்டர் தண்ணீர் புகாதபடி செய்யப்பட்டதல்ல. வெளியில் வைக்கும்போது அதை நாம்தான் மூட வேண்டும். சாதாரணக் கறுப்பு மின்டேப்பை மட்டும் சுற்றினால், நம் வெயிலில் சில மாதங்களில் பசை உருகி, டேப் வழுக்கிக் கழன்றுவிடும். இழுத்துச் சுற்றும்போது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதலில் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்ற வேண்டும். சுற்றுவதையும் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். அப்போதுதான் கூரை ஓடுகளைப் போல மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் படிந்து தண்ணீரை வெளியே தள்ளும். புளிக்காடி வாடை அடிக்கும் மலிவான சிலிக்கானை அப்பிவிடுவது இன்னொரு தவறு. அது காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் சுவரில் நுழையும் இடத்தில் அதை ஒரு சாண் கீழே வளைத்துத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

அடுத்தது நீளம். 40 மீட்டர் அலைவரிசைக்கான (அலைநீளத்தால் பெயர் பெற்ற 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி) எளிய இருமுனை ஆண்டெனாவுக்கு, அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் கம்பி நீட்டிய ஆண்டெனாவுக்கு, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 20.1 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதே அளவில் வெட்டிவிடுவதுதான் தவறு. கம்பியின் பிளாஸ்டிக் உறை, தரையிலிருந்து உள்ள உயரம், பக்கத்துக் கூரை ஆகிய எல்லாமே கணக்கைச் சற்று நகர்த்தும். இரும்புக்கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு மின்கம்பி இதற்குப் போதும்; ஆனால் ஒவ்வொரு பக்கமும் 10.4 மீட்டராக வெட்டி, மேலே ஏற்றி, எந்த அலைவெண்ணில் எஸ்டபிள்யூஆர் மிகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். 6.9 மெகாஹெர்ட்ஸில் குறைந்தால், 10.4-ஐ 6.9 ஆல் பெருக்கி 7.1 ஆல் வகுத்தால் 10.11 வரும், பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். குறைக்கும்போதும் வெட்டாமல், முனையை மடித்து அதே கம்பியோடு இறுக முறுக்கிவிடுவது நல்லது. வெட்டியதை ஒட்டவைத்து மீண்டும் வெட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

உயரத்தைப் பற்றி நிறைய தவறான ஆசைகள் உண்டு. இரும்புத் தகடு வேய்ந்த கூரைக்கு மேலே ஓர் அடி, இரண்டடி உயரத்தில் 40 மீட்டர் அலைவரிசைக்கான கம்பியை இழுத்துக் கட்டினால், தகடு ஆண்டெனாவின் இயல்பையே மாற்றிவிடும். பரவ வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும். கூரையிலிருந்து தள்ளி, நடுப்பகுதியை 7 அல்லது 8 மீட்டர் உயரத்தில் தூக்கி, இரு கைகளையும் தலைகீழான வி வடிவில் சரித்துக் கட்டுவது சிறிய வளவுக்குப் பொருந்தும். இரு கைகளுக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது. முனைகள் ஆள் எட்டும் உயரத்துக்கு மேல், 3 மீட்டராவது இருக்க வேண்டும். ஒலிபரப்பும்போது முனைகளில்தான் மின்னழுத்தம் மிகுந்திருக்கும், தொட்டால் தோல் சுடும். துணிக்கொடிக்குப் பக்கத்தில் கட்டுகிறவர்கள் வீட்டில் உள்ள எல்லாருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் புதிய கம்பியைக் கண்டால் ஈரத்துணியோடு வரும் அம்மா அதைக் கொடி என்றே எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு தாழ்வாகக் கட்டிய கம்பியால் ஐரோப்பாவோடு நாள்தோறும் பேச முடியாது என்று சோர்ந்துபோவதும் ஒரு தவறுதான். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். கால் அலைநீளத்துக்கும் குறைந்த உயரத்தில் உள்ள இருமுனை ஆண்டெனா தன் ஆற்றலைப் பெரும்பாலும் செங்குத்தாக மேலே அனுப்பும். அது வானில் உயரே மின்னூட்டம் பெற்றிருக்கும் அயனமண்டலத்தில் பட்டுச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் கீழே இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நமக்குப் பகல்நேர அயனமண்டலம் வலுவாக இருப்பதால், பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பினாங்கும் ஜொகூரும் பகலில் எட்டக்கூடியவை. இடையில் மலை இருந்தாலும் அந்த அலை அதைத் தாண்டியே வரும். பக்கத்தில் இருப்பவர்களோடு பேசத்தான் பலர் இந்தக் கம்பியைக் கட்டுகிறார்கள் என்றால், தாழ்ந்த உயரம் குறையே அல்ல.

2 மீட்டர் அலைவரிசையில் கதை முற்றிலும் வேறு. 145 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவுக்கும் மறு நிலையத்துக்கும் இடையில் தடை குறைவாக இருக்க வேண்டும். முதிர்ந்த செம்பனைகள் வீட்டுக் கூரையைவிட உயர்ந்து நிற்கும் இடத்தில் ஒவ்வொரு மீட்டர் உயரமும் பயன் தரும். இங்கே பலரும் சறுக்குவது கேபிளில். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஓடினால், ஆற்றலில் முக்கால் பங்கு மேலே போய்ச் சேரும். அதே கேபிள், அதே நீளம், 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் கால் பங்குதான் மிஞ்சும். தடித்த ஆர்ஜி-213 என்றால் பாதிக்குச் சற்று மேல். பெரிய வானொலியை வாங்கி மலிவான கேபிளில் மாட்டுவது, ஓட்டைக் குழாய்க்குப் பெரிய பம்பு வைத்த கதை. கேபிளைக் கூடியவரை சுருக்கமாக வைத்து, மிச்சமாகும் பணத்தில் தடித்த கேபிளை வாங்கலாம். ஆண்டெனாவையும் நிமிர்த்தியே நிறுத்த வேண்டும்: நம் ஒலியை வாங்கி மீண்டும் அனுப்பும் மறுஒலிபரப்பு நிலையங்களின் ஆண்டெனாக்கள் செங்குத்தானவை, நம்முடையது படுத்திருந்தால் ஓசை பெரிதும் மங்கிவிடும். பிஎல்-259 பொருந்தும் ஓர் எஸ்ஓ-239 சாக்கெட்டில் 49 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்தி, நான்கு மூலைகளிலும் அதைவிடச் சற்று நீளமான கம்பிகளை 45 பாகை கீழ்நோக்கி வளைத்து மாட்டினால், ஒரு மாலைப்பொழுதில் நல்ல ஆண்டெனா கிடைத்துவிடும்.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கும் ராஃபியா கயிறு வெயிலில் நார்நாராகப் பிரிந்து ஆறு மாதம் தாங்காது. வெயிலைத் தாங்கும் பாலியெஸ்டர் கயிறே வேண்டும். ரம்புத்தான் மரத்தில் கட்டுகிறவர்கள் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டக் கூடாது; மரம் காற்றில் ஆடும், கம்பி ஆடாது. ஒரு சிறு கப்பியில் கயிற்றை ஓடவிட்டு, மறுமுனையில் தண்ணீர் நிரப்பிய புட்டியைத் தொங்கவிட்டால் மரம் ஆடும்போது கயிறு ஏறி இறங்கும். நடுவில் ஈயம் வைத்து ஒட்டிய இடத்தில் கேபிளின் பாரம் தொங்கக் கூடாது. அதை நடுத்துண்டோடு தனியே கட்டி, ஈயப்பற்றுக்கு இழுவை வராமல் காக்க வேண்டும்.

இனி உயிருக்கு ஆபத்தான இரண்டு தவறுகள். தோட்டப்புறத்தில் பழைய கம்பம் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது, குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பு. இலேசானது, உயரமானது, மின்சாரத்தை முழுதாகக் கடத்தக்கூடியது. மின்கம்பிக்கு அடியில் அதை நிமிர்த்துவது எவ்வளவு ஆபத்தானது என்று அறுவடைக்காரர்களுக்குத் தெரியும்; ஆண்டெனா கட்டும் உற்சாகத்தில் நாம்தான் மறந்துவிடுகிறோம். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கம்பி எந்த இடத்தில் அறுந்தாலும், அது மின்கம்பியைத் தொட முடியாத தொலைவில்தான் இருக்க வேண்டும். அப்படியொரு இடம் வளவில் இல்லையென்றால் அந்த ஆண்டெனா வேண்டாம். மரத்துக்கு மேலே கல் கட்டி நூலை எறிகிறவர்கள், மறுபக்கத்தில் என்ன ஓடுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எறிய வேண்டும்.

மற்றது இடி. நாட்டின் மேற்குக் கரையில் ஆண்டில் பாதி நாள் எங்கோ ஓரிடத்தில் இடி முழங்குவது நமக்குப் பழகிப்போன ஒன்று. நேரடியாக விழும் இடியை வீட்டு ஆண்டெனா தாங்கும்படி செய்ய இயலாது; ஆனால் பக்கத்தில் விழும் இடி கம்பியில் ஏற்றிவிடும் மின்தாக்கத்திலிருந்து காக்கலாம். பலர் இடி தொடங்கிய பிறகு ஓடிப்போய்க் கேபிளைக் கழற்றுகிறார்கள். அதுவே மிக ஆபத்தான நேரம். கழற்றிய முனையை வானொலிக்குப் பக்கத்திலேயே மேசைமேல் போட்டுவைப்பதும் பயனற்றது. வேலை முடிந்ததும் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே வைத்துவிடும் பழக்கமே சிறந்தது. ஆண்டெனாவுக்கென்று தனியே ஒரு கம்பியைத் தரையில் அடித்து, அதை வீட்டின் தரையிணைப்போடு சேர்க்காமல் விடுவதும் தவறு. இடியின்போது இரண்டுக்கும் இடையே எழும் அழுத்த வேறுபாடு உங்கள் வானொலியின் வழியாகவே பாயும். இந்த இணைப்பைத் தகுதி பெற்ற வயர்மேன் ஒருவரைக்கொண்டு செய்யுங்கள்.

"தம்பி, உன் கம்பிதான் எங்க டிவியக் கெடுக்குதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வேலிக்கு மேலாகக் கேட்டார். அவர் சந்தேகம் நியாயமானது. இருமுனை ஆண்டெனாவில் கேபிளை நேரடியாக இணைத்தால், கேபிளின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவாகி, வீட்டுச் சுவரோரம் வரை ஒலிபரப்பும். மற்றவர்கள் பேசுவதைக் கேட்கும்போது வீட்டு மின்கருவிகளின் இரைச்சலையும் அதுவே உள்ளே கொண்டுவரும். நடுவில், எஃப்டி240-31 போன்ற ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் இது பெரிதும் அடங்கும். இரைச்சல் அப்போதும் ஓயவில்லையென்றால், வானொலியை மின்கலத்தில் ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அடைத்துப் பாருங்கள். என் வீட்டில் குற்றவாளி சாமி மேடையில் எரிந்த மலிவான எல்ஈடி விளக்கு.

உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவதைத் தனியே தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. தேர்வில் தேறி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் சான்றிதழும் கருவிக்கான ஒதுக்கீடும் பெற்று, 9டபிள்யூ2, 9எம்2 போன்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்த பிறகே பேசும் பொத்தானை அழுத்த வேண்டும். வெறுமனே கேட்டுப் பழகுவதற்காக ஆண்டெனாவை முன்கூட்டியே கட்டிவைக்கிறவர்களும் உண்டு.

கடைசியாக, கட்டிய அன்றே ஒரு குறிப்பேட்டில் தேதியையும், 7.0, 7.1, 7.2 மெகாஹெர்ட்ஸில் மீட்டர் காட்டிய எண்களையும், ஒரு நிலையம் எவ்வளவு பலமாகக் கேட்டது என்பதையும் எழுதிவையுங்கள். ஆண்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற சிறு கருவி இருந்தால் அது காட்டும் வளைவைப் படமெடுத்து வைக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். எண் கெட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்: கிளை சாய்ந்திருக்கும், கயிறு தளர்ந்திருக்கும். ஒன்றும் செய்யாமலே எண் நல்லதாகியிருந்தால், முதலில் நடுக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.