ஷூவைக் கண்டாலே அழும் குழந்தை: நாம் செய்யும் தவறுகள்

மகளுக்கு ஒன்றரை வயதில் பாண்டி பஜாரில் முதல் ஷூ வாங்கினோம். கடையில் சமத்தாக இருந்தாள். வெளியே நடைபாதையில் இறக்கிவிட்டதும் அப்படியே உட்கார்ந்து இரண்டையும் பிடித்து இழுத்தாள். அடுத்த ஒரு மாதம் ஷூ டப்பாவை எடுத்தாலே காலை மடக்கிக்கொள்வாள். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். என் அம்மாதான் ஒருநாள் அவள் காலை மடியில் வைத்துப் பார்த்து, "இங்க பாருடி, சுண்டுவிரல் ஓரமெல்லாம் எப்படிச் சிவந்திருக்கு" என்றார்.

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது. அதனால் அழுகையைப் பிடிவாதம் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். விரல் ஓரத்திலோ குதிகாலிலோ சிவந்த தடம் இருந்தால் கோளாறு ஷூவில்தான் இருக்கிறது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் உறுத்தும் தையலும் தட்டுப்படும்.

எங்கள் ஷூவில் நீளம் சரியாகத்தான் இருந்தது, முன்பக்கம் குறுகல். சின்னக் குழந்தையின் பாதம் விரல் பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும், மேல்புறம் புசுபுசுவென்று சதை இருக்கும். கூம்பிய முனை வைத்த கல்யாண வீட்டு ஷூவில் அந்தப் பாதம் எப்படி அடங்கும்?

குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, வயதைச் சொல்லி ஷூ வாங்கி வருவது அடுத்த தவறு. ஒரே நம்பர் என்றாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும். கூட்டத்துக்குப் பயந்து ரங்கநாதன் தெருவுக்குக் குழந்தையைக் கூட்டிப்போகத் தயங்குவது நியாயம்தான். அப்படியானால் பழைய காலண்டர் அட்டையில் குழந்தையை நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டி எடுத்துப்போங்கள். உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டாம். நிற்கும்போதுதான் பாதம் முழுசாக விரியும். சாயங்காலம் அளப்பது நல்லது, பகலெல்லாம் ஓடி ஆடிய கால் லேசாக வீங்கியிருக்கும். ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதற்கேற்ற சைஸை எடுங்கள்.

"எப்படியும் வளர்ந்துடுவா, ரெண்டு சைஸ் பெரிசா எடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காசு வீணாகக்கூடாது என்ற அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஷூ குதிகாலில் நழுவினால் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கி மடக்கி நடக்கும், தடுக்கி விழும். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் இருந்தால் போதும். இதைப் பார்க்க ஷூவின் முனையை வெளியிலிருந்து அழுத்துகிறோம் இல்லையா, அதை நம்ப முடியாது. அழுத்தினால் குழந்தை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போட்டிருக்கும் மெத்தை அட்டை கழன்று வந்தால் அதை எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் குழந்தையை நிற்கவையுங்கள். எவ்வளவு இடம் மிச்சம், அகலம் போதுமா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இந்த வயதில் கால் வேகமாக வளரும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கெட்டியாக இருந்தால்தான் காலுக்குப் பிடிமானம் என்பதும் தப்பு. ஷூவின் முன்பகுதி, விரல்கள் மடங்கும் இடத்தில், நம் கைக்கே சுலபமாக வளைய வேண்டும். பாதம் தட்டையாக இருக்கிறதே என்று பயந்து விலை அதிகமான, உள்ளே மேடு வைத்த ஷூவைத் தேடி அலையவும் வேண்டாம். இந்த வயதில் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. உள்வளைவு பெரும்பாலும் 5, 6 வயதுவாக்கில்தான் தெளிவாகத் தெரியும்.

அப்புறம் நம் ஊர் வெயில். நைலான் சாக்ஸ், அதன்மேல் ரெக்ஸின் ஷூ என்று சென்னைப் புழுக்கத்தில் மாட்டிவிட்டால் பெரியவர்களுக்கே கால் வெந்துபோகும். விரல்களை மூடி, பக்கவாட்டில் காற்றுப் போகும்படி, பின்னால் வார் வைத்த வெல்க்ரோ சாண்டல்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தது காய நாளாகும், மாற்று ஜோடி ஒன்று வேண்டும். ஈரத்தோடு மாட்டிவிட வேண்டாம், விரல் இடுக்கில் புண் வரும். துளை வைத்த மெத்தென்ற ரப்பர் செருப்பைக் குழந்தைகள் விரும்பிப் போடும். ஆனால் மெட்ரோ ஸ்டேஷனிலும் மாலிலும் அது எஸ்கலேட்டர் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

அண்ணன், அக்கா போட்டுத் தேய்ந்ததைக் கொடுக்கலாமா? அதிகம் போடாதது என்றால் சரி. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் வேண்டாம்.

வீட்டுக்குள் பழக்க வேண்டும் என்று நாள் முழுக்க மாட்டி வைப்பதும் தேவையில்லை. தரையைப் பிடித்து வெறுங்காலில் நடப்பது பாதத்துக்கு நல்லது. சித்திரை வெயிலில் சுடும் தெருவுக்கும், கண்ணாடித் துண்டு கிடக்கும் நடைபாதைக்கும்தான் செருப்பு. நாங்கள் அழுத்திப் பிடித்து மாட்டுவதை நிறுத்தினோம். அவளையே வெல்க்ரோவை ஒட்ட விட்டோம். முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம், மாடிப்படி இறங்கி வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்துவிட்டு வருவது மட்டும். இரண்டாவது வாரம் அவளே சாண்டலைத் தூக்கிக்கொண்டு வந்து "பவ் பவ்" என்றாள்.

நல்ல செருப்பு போட்டும், வெறுங்காலிலும்கூட, குழந்தை நொண்டினாலோ, ஒரு காலை மட்டும் ஊன்றத் தயங்கினாலோ, 2 வயது தாண்டியும் எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.