காட்டுச்செடித் தோட்டம்: நெல்லையில் நாம் செய்யும் தவறுகள்

நியூயார்க்கில் ரயில் ஓடாமல் கிடந்த ஒரு மேம்பாலத்தில் தானாக முளைத்த புல்லையும் பூவையும் பார்த்துத்தான் ஹை லைன் பூங்காவின் யோசனை பிறந்தது. 2009-இல் முதல் பகுதியைத் திறந்தார்கள், செடிகளை வகுத்தவர் நெதர்லாந்துக்காரர் பீட் ஔடோல்ஃப். நம் தெருவிலும் அப்படியொரு காட்டுச்செடித் தோட்டம் போட ஆசைப்பட்டு, அந்தப் படங்களை போனில் வைத்துக்கொண்டு நர்சரியில் போய் அதே புல்லைக் கேட்கிறோமே, அதுதான் முதல் தவறு. அவை பனி விழுகிற ஊருக்கு ஏற்ற செடிகள். அங்கே செடி ஓய்வெடுப்பது குளிரில், இங்கே கோடையில். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செடிப் பட்டியலை அல்ல, பார்வையை: யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில் எது நிற்கிறது, எதோடு சேர்ந்து நிற்கிறது? பாளையங்கோட்டையைத் தாண்டிச் செம்மண் தரிசில் போய் நின்று பாருங்கள். ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, நடுவே குடை விரித்த மாதிரி உடைமரம். தாமிரபரணிக் கரையில் நிற்கும் மருது வேறு கதை, அதைக் கொண்டுவந்து தெருமுனை மேட்டில் வைத்துவிட்டு வாடுகிறதே என்று வருத்தப்படக் கூடாது.

அடுத்தது பருவம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு நானும் முதல் வருஷம் ஆடியில்தான் நட்டேன். தென்காசியில் சாரல் விழுகிற அந்த நாளில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டும்தான், அந்தக் காற்று இளஞ்செடியின் ஈரத்தை இரண்டே நாளில் உறிஞ்சிவிடும், பாதிக்கு மேல் போய்விட்டது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கரிசல்காட்டு மானாவாரிக்காரர்கள் புரட்டாசியில் விதைப்பது சும்மா இல்லை. நாமும் அப்போதே விதைத்துவிட்டால் வேர் இறங்க மூன்று மாதம் ஈரம் கிடைக்கும்.

உரம் போடாதீர்கள். தரிசுச் செடிக்குத் தொழுவுரம் கொட்டினால் அது கொழுத்துச் சாயும், பக்கத்தில் பார்த்தீனியம்தான் கும்மாளமாக வளரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இந்தக் காட்டுச்செடித் தோட்ட முறையை வளர்த்தவர்கள் விதைக்கும் முன் மேலே மணலைப் பரப்பி, மண்ணுக்குள் கிடக்கும் களைவிதையை அமுக்குகிறார்கள். நாம் அதற்காக ஆற்று மணல் வாங்க வேண்டாம், ஆறு பட்டது போதும். சரளையோ எம் சாண்டோ போதும்.

வகைக்கு ஒன்று என்று இருபது செடி வைப்பதும் வேண்டாம். தரிசில் அப்படியா இருக்கிறது? ஒன்றிரண்டு செடிதான் பரவி நிற்கும், மற்றவை இடையிடையே. எருக்கைப் பிடுங்காதீர்கள், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில்தான். ஆவாரை இலையை மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு தின்றால் தின்னட்டும், மருந்து அடித்தால் பட்டாம்பூச்சியும் இல்லை.

தெருவில் ஆடு வருமே என்றால், ஓரத்தில் ஆடாதொடை வையுங்கள், பெயரிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓரம் கட்டாத காட்டுச்செடித் தோட்டம் ஜனங்கள் கண்ணுக்குக் குப்பைமேடு, ஒரே வாரத்தில் பிளாஸ்டிக் பை விழும். ஒரு வரிசைக் கல்லும், நடக்க ஒரு முழ அகலத்துக்குச் சுத்தமான தடமும் இருந்தால், யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். காய்ந்த தண்டுகளைப் பங்குனியிலேயே மொட்டையடிக்காமல், விதை பொறுக்க வரும் சிட்டுகளுக்காகப் புரட்டாசி வரை விட்டு வெட்டலாம். சாலையோரம் மட்டும் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள், ஒரு பீடித்துண்டு விழுந்தால் பற்றிக்கொள்ளும்.