கண்ணாடி மேல் தொங்கிய துண்டு

குளியலறைக் கண்ணாடியில் என் மகன் துண்டைத் தொங்கவிடுவான். எடுத்தால் மறுநாளும் தொங்கும். 15 வயது, ஒல்லியான உடம்பு. "நல்லா சாப்பிட்டா தேறிடுவேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் காதில் அது குறையாகவே விழுந்திருக்கிறது.

தூக்கம் கெட்டது, விளையாடப் போவதை நிறுத்தினான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். திமிர் என்று திட்டினேன். நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. இளம் வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும் என்று மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. வாட்டம் 2 வாரம் நீடித்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அன்றைக்கே.

வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை. மனசைக் குத்தும் எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம் என்று அவனே பார்க்க வேண்டும். "எல்லாரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள்" என்று ஒரு பக்கம். அடியில், "இன்று பஸ்ஸில் எண்ணினேன். இரண்டு பேர். ஒருவர் மணி கேட்டார்."

கட்டுமஸ்தான உடம்பு காட்டும் பக்கங்களை அவனாகவே அன்ஃபாலோ செய்தான். நாங்கள் வீட்டில் யார் உடம்பைப் பற்றியும் பேசுவதை விட்டோம். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, வாயில் தானாக வந்துவிடும்.

ஐந்தாவது மாதம், துண்டு கொக்கியில் இருந்தது.