கண் மருத்துவக் குறிப்புகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் மருத்துவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுப்பவர்கள், அறிக்கையை நோயாளிக்குப் புரிகிற தமிழில் எழுதித் தருபவர்கள், அறுவைக்கு முன் உட்கார வைத்து விளக்குபவர்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் தாள்களைத் திருத்துவது என் பொறுப்பு. ஒவ்வொரு முறை புது ஆட்கள் வரும்போதும் அதே பிழைகள் வருகின்றன. எங்கள் காலத்து ஆட்கள் புதிதில் விட்டவையும் இவைதான். எழுத்துப் பிழை, மருந்துப் பெயரில் தடுமாற்றம், விழித்திரைக்கும் விழிலென்ஸுக்கும் குழப்பம் எல்லாம் வேலை பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

ஓ.டி. என்றால் எது?

கண் குறிப்பில் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டும். லத்தீன் சுருக்கங்கள் இவை. அதே ஓ.டி. பொது மருந்துச் சீட்டில் 'தினம் ஒருவேளை' என்றும் எழுதப்படுகிறது. 'லட்டனோப்ராஸ்ட் ஓ.டி.' என்று ஒரு கண் சொட்டு மருந்துக்கு வரி இருந்தால் வலது கண்ணுக்கா, தினம் ஒரு தடவையா? இரண்டுமே பொருந்தும், அதுதான் ஆபத்து. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைக் கவனிக்கும் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு இந்தச் சுருக்கங்களைப் பிழைக்கு இடம் தருபவை என்று பட்டியலிட்டிருக்கிறது. தினம் ஒருவேளை குடிக்க வேண்டிய திரவ மருந்தை, ஓ.டி.யைத் தவறாகப் படித்துக் கண்ணில் ஊற்றியதெல்லாம் நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஏ.டி. என்றால் வலது காது. அவசரக் கையெழுத்தில் ஓ எது, ஏ எது?

மருத்துவர் எதை எழுதினாலும் நோயாளி கையில் போகும் தாளில் சுருக்கம் வேண்டாம். 'வலது கண், தினம் ஒரு சொட்டு, இரவில்' என்று முழுசாக எழுதுங்கள்.

பவர் வேறு, பார்வை வேறு

'இடது கண் பவர் 6/60' என்று ஒரு தாள் வந்தது. 6/60 பவர் அல்ல. சாதாரணக் கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். 1862-ல் ஸ்நெல்லன் கொண்டுவந்த அட்டையின் கணக்கு அது. பவர் என்பது டயாப்டரில் வரும் கண்ணாடி அளவு. மைனஸ் ஆறு பவர் உள்ளவர் கண்ணாடி போட்டு 6/6 படிக்கலாம். பவரே இல்லாதவருக்கு விழித்திரை நடுப்பகுதி கெட்டுப்போய் 6/60 இருக்கலாம். அதனால் பார்வை அளவை எழுதும்போது கண்ணாடியோடா, இல்லாமலா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதிலேயே இன்னொரு குழி, பார்வையைக் குறிக்கும் வேறொரு முறையான லாக்மார் அளவு. அதில் 0.0 என்றால் 6/6, 1.0 என்றால் 6/60. எண் ஏற ஏறப் பார்வை மோசம். தசம அளவிலோ நேர்மாறு, 1.0 என்பதுதான் 6/6. 'பார்வை 0.3-லிருந்து 0.8-க்கு முன்னேறியுள்ளது' என்று ஒருவர் எழுதியிருந்தார். மூல அறிக்கை லாக்மாரில் இருந்தது. அந்த நோயாளியின் பார்வை நன்றாகவே சரிந்திருந்தது, வீட்டுக்கு இனிப்பான செய்தி போயிருக்கும். எந்த அளவு என்று தெரியாமல் முன்னேற்றம், சரிவு என்ற சொல்லையே தொடாதீர்கள்.

கிட்டப்பார்வை

கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கும். மைனஸ் கண்ணாடி. நாற்பதுக்கு மேல் படிக்கச் சிரமப்படுவது வெள்ளெழுத்து, அதைத் தூரப்பார்வை என்று எழுதாதீர்கள்.

கிளாக்கோமாவைக் கண்ணீராக்குவது, புரையாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கட்டுத் தாள்களில் இது வந்து நிற்கும். எரிச்சல் தீர எழுதிவிடுகிறேன்.

கிளாக்கோமாவுக்குக் 'கண்நீர் அழுத்த நோய்' என்ற பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. இங்கே கண்நீர் என்பது கண்ணுக்கு உள்ளே இருக்கும் அக்குவஸ் திரவம். ஐரிஸுக்கு, அதாவது கண்ணின் நிறமுள்ள வளையத்துக்குப் பின்னால் உள்ள சிலியரித் திசுவில் சுரந்து, அதன் நடுத்துளையான பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் (கார்னியா) ஐரிஸும் சேரும் கோணத்தில் இருக்கும் வலைத்திசு வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பது சுரந்துகொண்டே இருக்க, வடிவது தடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு பாழாகும். கண்ணீருக்கு இதில் வேலையே இல்லை. அது மேலிமைக்கு உள்ளே வெளியோரமாக இருக்கும் சுரப்பியில் சுரந்து, கண்ணின் மேற்பரப்பை நனைத்து, மூக்குக்குள் வடிந்து போகிறது.

புதியவர் என்ன செய்கிறார்? சந்தி சேர்த்துக் 'கண்ணீர் அழுத்த நோய்' என்று எழுதுகிறார். இலக்கணப்படி அதில் குற்றமே சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. விளக்கமும் தருகிறார்: 'கண்ணீர் அழுத்த நோய் உள்ளது. கண்ணில் நீர் வடிவதற்குச் சொட்டு மருந்து தரப்பட்டுள்ளது.' இந்த இரண்டு வரியை மடித்துப் பையில் வைத்திருந்த ஒரு பெரியம்மா, மறுபடி வந்தபோது மருந்தை நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டால், "நீர் வடியறதே இல்லையேப்பா, அப்புறம் எதுக்கு மருந்து?" என்கிறார். தாளில் இருந்ததைத்தானே நம்பினார்? அழுத்தம் முப்பதைத் தாண்டியிருந்தது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருப்பதைத்தான் சாதாரணம் என்கிறோம். கண் எந்தெந்தப் பக்கம் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனையின் அச்சில், மூக்குப் பக்கம் முன்பு சாம்பலாக இருந்த இடம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு இனி வெளுக்காது.

அடுத்தது புரை. பேச்சுவழக்கில் கண்ணை எது மறைத்தாலும் புரை, இல்லாவிட்டால் சதை, இல்லாவிட்டால் பூ. சதை வளர்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் படரும் டெரிஜியமாகவும் இருக்கலாம், உள்ளே மங்கிய லென்ஸாகவும் இருக்கலாம். நோயாளி அப்படிப் பேசலாம், நாம் எழுதக் கூடாது. 'இரண்டு கண்ணிலும் தொடக்கநிலைப் புரை, இடது கண்ணில் கிளாக்கோமா' என்று மருத்துவர் சொன்னதை, எளிமையாக இருக்கட்டும் என்று 'இரண்டு கண்ணிலும் புரை' என்று சுருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். புரை என்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சரி, முற்றட்டும், பார்த்துக்கலாம் என்பார்கள். புரையில் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம், லென்ஸை மாற்றினால் பார்வை வந்துவிடும். கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான். சிகிச்சை எல்லாம் மிச்சமிருப்பதைக் காப்பதற்கு மட்டும். பெரும்பாலும் வலியும் இருக்காது, ஓரப்பார்வையில் தொடங்குவதால் நோயாளிக்கே தெரியாது. தாளில் இருக்கும் அந்த ஒரு சொல்தான் அவருக்குள்ள எச்சரிக்கை, அதைத்தான் அழித்துவிடுகிறோம்.

புரை என்பது லென்ஸே மங்குவதுதான் என்று 1705-ல் பிரான்சில் பிரிசோ, இறந்த ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்துக் காட்டினார். அதுவரை லென்ஸுக்கு முன்னால் ஏதோ திரவம் உறைகிறது என்றே மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் பார்க்கும் கருவியான ஆஃப்தால்மாஸ்கோப்பை வெளியிட்ட பிறகுதான், கிளாக்கோமாவில் உயிருள்ளவரின் பார்வை நரம்புத் தட்டு குழிவதை நேரில் பார்க்க முடிந்தது. இரண்டு நோயையும் பிரித்தறிய மருத்துவத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது. நாம் அரை வரியில் மறுபடி ஒட்டிவைக்கிறோம்.

'அழுத்தம்' என்ற சொல்லும் சும்மா இருப்பதில்லை. "பி.பி. மாத்திரை சாப்பிடறேனே, இதுக்கும் சேர்த்துத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதுகிறவர்களுக்கும் இதில் சறுக்கல் இருக்கிறது. குறிப்பில் 'அழுத்தம் 24' என்று மட்டும் இருந்தால் கிளாக்கோமா என்று நீங்களாக எழுதாதீர்கள். அழுத்தம் கூடியும் நரம்பு நன்றாக இருக்கும் நிலை உண்டு. அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடும் கிளாக்கோமாவும் உண்டு. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வலியே இருக்காது என்று எல்லோருக்கும் பொதுவாகவும் எழுதிவிட முடியாது. கோணம் திடீரென்று மூடிக்கொள்ளும் வகையில் கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வரும். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். முற்றி உப்பிய புரையே ஐரிஸை முன்னால் தள்ளி இந்தக் கோணத்தை மூடுவதும் உண்டு, ஆகவே 'முற்றட்டும்' என்ற ஆலோசனையை உங்கள் தாளில் எழுதவே எழுதாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: கிளாக்கோமா என்ற பெயரையே எழுதுங்கள். எந்தக் கண் என்று எழுதுங்கள். 'கண்ணுக்கு உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். கண்ணில் நீர் வடிவதற்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது' என்று சேருங்கள். புரையும் கூட இருந்தால் அதற்குத் தனி வரி.

எல்லாம் லேசர் அல்ல

பேக்கோ முறை புரை அறுவையை 'லேசர் ஆபரேஷன்' என்று எழுதுவது தொற்றுநோய் போலப் பரவிவிட்டது. 1967-ல் சார்ல்ஸ் கெல்மன் கொண்டுவந்த இந்த முறையில் மங்கிய லென்ஸை உடைப்பது மீயொலி அதிர்வு. லேசர் துணையோடு செய்யும் புரை அறுவை வேறாக இருக்கிறது, செலவும் வேறு. பிறகு அறுவை முடிந்து சில மாதமோ சில வருடமோ கழித்து, உள்வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கினால் யாக் லேசரால் அதில் ஒரு திறப்பு போடுவார்கள். அதை 'மறுபடியும் புரை' என்று எழுதினால் முதல் அறுவையே சரியில்லை என்று நோயாளி நினைப்பார். புரை திரும்ப வராது. உறை மங்கியிருக்கிறது என்று எழுதுங்கள், போதும்.

டமி, எக்டமி

ஐரிடாட்டமி என்றால் ஐரிஸில் ஒரு துளை, இப்போது பெரும்பாலும் லேசரில் போடுவது, முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஐரிடெக்டமி என்றால் ஐரிஸின் ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பது. ஓர் அசை தவறினால் அறுவை அரங்குக்குத் தயாராக வரச் சொல்லிவிடுவீர்கள். காதில் சரியாக விழவில்லையா, கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள்.

கருவிழி

கண்ணில் கறுப்பாகத் தெரிவது ஐரிஸும் பாவையும். மருத்துவத்தில் கருவிழி என்று நாம் எழுதுவது அவற்றுக்கு முன்னால் கண்ணாடியாக இருக்கும் கார்னியா. 1905-ல் எட்வார்ட் சிர்ம் வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தியதும் இதைத்தான். 'கண் மாற்று அறுவை' என்று எழுதினால் முழுக் கண்ணையும் மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்து, விழித்திரை கெட்டவரின் குடும்பம் வந்து நிற்கும்.

டோசிஸ், ப்ராப்டோசிஸ்

முன்னது இமை தொங்குவது, பின்னது விழி பிதுங்குவது.

எசோ, எக்சோ

எசோட்ரோபியாவில் கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும், எக்சோட்ரோபியாவில் காதுப் பக்கம். இரண்டுக்கும் 'மாறுகண்' என்று மட்டும் எழுதித் தப்பிக்க வேண்டாம், திசையையும் எழுதுங்கள். அறுவைக்கு முந்தைய குறிப்பில் இதை மாற்றி எழுதிவிட்டால், அறுவைக்குப் பிறகு கொஞ்சம் மிச்சமிருக்கும் பழைய மாறுகண்கூட, அறுவை கண்ணை அளவுக்கு மீறி மறுபக்கம் திருப்பிவிட்டதாகப் பதிவில் தெரியும். அடுத்து பார்க்கும் மருத்துவர் பழைய புகைப்படத்தைக் கேட்பார், தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.