மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டீர்களா? முதலில் அதற்கு மண்ணைப் பழக்குங்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய முதல் நான்கு வாரத்தில் நான் தோண்டி எடுத்தவை: ஆணிகள், பாட்டில் மூடிகள், உடைந்த கத்தரிக்கோலில் ஒரு பாதி, அப்புறம் ஏராளமாக வெறும் மண். ஆணிகூடப் பரவாயில்லை, ஏதோ கிடைத்தது என்று மனசு ஆறும். கருவி கத்திய இடத்தில் முழங்கை ஆழம் தோண்டியும் ஒன்றுமே இல்லாமல் போவதுதான் எரிச்சல். கருவியில் பழுது என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுப்பதற்காகப் பெட்டியில்கூட எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கருவி நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொத்தானை நான்தான் தப்பான இடத்தில் நின்று அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த இடம் வரும்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பேட்டரி போடுவது, தண்டை மாட்டுவது எல்லாம் கையேட்டிலேயே இருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தரையை ஒட்டி ஓட்டும் தட்டான காயிலிலிருந்து வரும் கேபிளைத் தண்டில் தொங்காமல் சுற்றுங்கள். அது தளர்ந்து ஆடினால் அந்த ஆட்டத்துக்கே கருவி கத்தும்.

அனுமதி விஷயத்தையும் இப்போதே முடித்துவிடலாம். நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடங்கள் பக்கமே போக வேண்டாம். பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தக் கருவி?

தொடங்குகிறவர்களுக்கு வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) வகைதான் என் பரிந்துரை. பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகள் (காந்தப்புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்புபவை) தாது நிறைந்த மண்ணிலும் உப்புக் கரையிலும் அபாரமாக வேலை செய்யும். ஆனால் இரும்பையும் மற்ற உலோகத்தையும் பிரித்துக் காட்டுவதில் அவை மந்தம். முதல் மாதமே இருநூறு ஆணி தோண்டினால் பொழுதுபோக்கே வெறுத்துப்போகும். வி.எல்.எஃப். கருவிகள் பெரும்பாலும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவை. குறைந்த அலைவரிசைக்கு வெள்ளி, செம்பு போன்றவையும் பெரிய பொருள்களும் நன்றாகப் பிடிபடும். கூடிய அலைவரிசைக்குப் பொடித் தங்கம் போன்ற சின்னப் பொருள்கள். நடுவில் 12, 15 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் கருவி எல்லாவற்றுக்கும் சுமாராக ஒத்துவரும்.

வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பை, நாமே சரிசெய்ய முடியுமா? காரெட் ஏஸ் 250 மாதிரி எளிய கருவிகளில் அது ஆலையிலேயே அமைத்து வருவது. சாதாரண மண்ணில் பிரச்சினை இல்லை, தாது கூடிய மண்ணில் கையைக் கட்டிப்போட்டது போலத்தான்.

படி 1: உங்கள் மேலிருக்கும் உலோகத்தைக் கழற்றுங்கள்

எஃகு முனை வைத்த ஷூ, இடுப்பு பெல்ட்டின் கொக்கி, தோளில் சாய்த்த மண்வெட்டி எல்லாம் காயில் அருகே வந்தால் சத்தம் போடும். செல்போனைக் கருவியின் திரைக்குப் பக்கத்துப் பையில் வைக்காதீர்கள்.

இந்தத் தவறு பெரிய ஆட்களுக்கே நடந்திருக்கிறது. 1881ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியோடு வந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த எஃகுச் சுருள்கள்தான் கருவியைக் குழப்பின என்று இன்றும் சொல்கிறார்கள். மெத்தையைக் கவனிக்க மறந்தவர் பெல் என்றால் ஷூவை மறக்கும் நமக்கு என்ன வெட்கம்!

படி 2: சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள்

எவ்வளவு மெல்லிய சிக்னலுக்குக் கருவி கத்த வேண்டும் என்று வைக்கும் அளவு இது. எல்லாரும் முதல் நாளே முழு அளவுக்கு ஏற்றுவோம். கூட்டினால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மைதான். காயிலைத் தரைக்கு மேலே அசையாமல் பிடியுங்கள். சத்தம் வந்துகொண்டே இருந்தால், அது அடங்கும் வரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சுற்றியுள்ள மின் இரைச்சலை ஒதுக்கும் நாய்ஸ் கேன்சல் வசதி இருந்தால் அதையும் இப்போதே செய்துவிட வேண்டும். மின்கம்பி அருகிலோ இன்னொரு டிடெக்டர்காரர் பக்கத்திலோ நின்றுகொண்டு செய்யாதீர்கள்.

படி 3: கிரவுண்ட் பேலன்ஸ் (நான் வழுக்கிய இடம்)

காயில் என்று நாம் சொல்லும் தட்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மாறும் காந்தப்புலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், மற்றது கேட்டுக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அது வந்துசேர்வதில் உள்ள சிறு தாமதத்தை வைத்துத்தான் என்ன உலோகம் என்பதற்குத் திரையில் எண் காட்டுகிறார்கள். தொல்லை என்னவென்றால், மண்ணும் பதில் சொல்லும். மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற இரும்புத் தாதுக்கள் பொடிப்பொடியாக மண்ணில் கலந்திருக்கின்றன. “இந்தப் பதில் மண்ணுடையது, இதைக் காதில் வாங்காதே” என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கிரவுண்ட் பேலன்ஸ்.

செய்முறை சுலபம். காயிலைத் தரைக்கு இணையாக, ஒரு 30 சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் பொத்தானை அழுத்தியபடியே தரையிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் வரை இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள். கிணற்றில் வாளி இறக்கி ஏற்றுவதுபோல் நிதானமாக. நாலைந்து தடவையில் சத்தம் மங்கும், திரையில் மண்ணுக்கான எண் ஒரு இடத்தில் நிற்கும். பொத்தானை விடுங்கள். முடிந்தது.

நானும் இதைத்தான் செய்தேன். காயிலை ஒருமுறை அந்த இடத்தின் மேல் ஓட்டினேன், சத்தமில்லை, சுத்தமான மண் என்று நம்பி பேலன்ஸ் செய்தேன். ஆனால் வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனில் இரும்பை வடிகட்டச் சொல்லி வைத்திருந்தேன்! மண்ணுக்குள் ஆணி இருந்தது, கருவிக்கும் அது தெரிந்தது. என் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் ஆணியின் மேல் நின்றுகொண்டு, “இதுதான் மண்” என்று அதற்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதன்பின் பத்தடி தள்ளி உண்மையான மண்ணைக் கண்டதும் அது உலோகம் என்று கத்தியது. நான்கு வாரம் நான் தோண்டிய வெறுங்குழிகளுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே பேலன்ஸ் செய்யுமுன் டிஸ்கிரிமினேஷனை முழுக்க நீக்கிவிட்டு, எல்லா உலோகத்துக்கும் கத்தும் ஆல் மெட்டல் நிலைக்கு வந்து, ஒரு மீட்டர் சதுரம் அளவுக்குக் காயிலை ஓட்டுங்கள். எந்த முனகலும் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். அப்புறம் நாலு அடி தள்ளிப்போய் இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. ரொம்ப வித்தியாசமாக இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் உலோகம் இருக்கிறது, மூன்றாவது இடம் பாருங்கள்.

கையால் எண்ணைத் திருத்தும் கருவியா? காயிலை இறக்கும்போது சத்தம் கூடினால் எண்ணைக் குறையுங்கள், ஏற்றும்போது கூடினால் எண்ணைக் கூட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் இதுதான் வழக்கம். மண்ணின் நிறம் மாறினாலோ, காய்ந்த இடத்திலிருந்து ஈர இடத்துக்குப் போனாலோ மறுபடி செய்ய வேண்டும். கடற்கரையின் ஈர மணல் தனி ரகம். உப்புநீரே மின்சாரம் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே திணறும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்ற பல அலைவரிசைக் கருவிகளோ பல்ஸ் இண்டக்‌ஷனோதான் அங்கே சரி.

படி 4: வீசுவது

காயிலை அரிவாள் வீசுவதுபோல் வளைத்து வீசாதீர்கள். இரண்டு முனைகளிலும் அது மேலே ஏறிவிடும். தரையை ஒட்டியே போகட்டும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கும் சின்னப் பொருளுக்குத் தூரம் இரண்டு மடங்கானால், திரும்பி வரும் சிக்னல் கிட்டத்தட்ட 64ல் ஒரு பங்காகிவிடும். முனையில் காயில் மேலே ஏறினால் அந்தத் தூரம்தான் கூடுகிறது. ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சின் மேல் படிய வேண்டும்.

படி 5: தோண்டுமுன்

இரண்டு திசையிலும் ஒரே எண், ஒரே சத்தம் வந்தால் தோண்டுங்கள். ஒரு பக்கம் வீசினால் கத்தி, எதிர்ப்பக்கம் வீசினால் மௌனமாவது பெரும்பாலும் இரும்பு. எண்ணை மட்டும் நம்பி ஒதுக்க வேண்டாம். பானக் கேன்களின் அலுமினிய இழுப்பு வளையமும் தங்க மோதிரமும் ஒரே எண்ணில் வந்து நிற்பது உண்டு. வளையம் வேண்டாம் என்று வடிகட்டினால் மோதிரமும் அதோடு போய்விடும்.

இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க, சிலுவைக்குறி போல இரண்டு திசையில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் வெட்டும் புள்ளிதான் குறி. பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயின்ட் பொத்தான் இருந்தால் குறிக்குக் கொஞ்சம் தள்ளியே அழுத்தி, பிறகு நெருங்குங்கள். நேர் மேலே அழுத்தினால் கருவி அந்தப் பொருளையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

கைப் பின்பாயின்டர் (குழிக்குள் விட்டுத் தேடும் சின்னக் கருவி) வாங்குவது ஆடம்பரம் என்று நினைத்தேன். இல்லவே இல்லை. பெரிய காயில் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இதை வாங்குங்கள். ஹெட்போன் அதற்கடுத்து, கம்பி வைத்ததே போதும்.

படி 6: குழி

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கம் கீல்போல விட்டு மடித்துத் திறங்கள். மண்ணை ஒரு துணியில் போடுங்கள். குழியில் சிக்னல் போய்விட்டதா? அப்படியானால் பொருள் துணியில் இருக்கிறது. மண்ணைப் பாதி பாதியாகக் கைப்பிடியில் அள்ளிக் காயில் முன் காட்டிக்கொண்டே போனால் மாட்டிக்கொள்ளும். நான் முதல்தடவை இப்படிச் செய்தபோது ஒவ்வொரு பிடியும் கத்தியது. பெரிய புதையல்தான் என்று நெஞ்சு படபடத்தது. என் விரலில் இருந்த மோதிரம்!

குழியை மூடி, மடித்த புல்லைக் காலால் அழுத்திவிட்டு வாருங்கள். வெடிகுண்டு, பீரங்கிக் குண்டு போல எது தெரிந்தாலும் தொடாதீர்கள், விலகி நின்று காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: “சொன்னபடியே செய்தேன், சுத்தமான இடம்தான், ஆனாலும் எண் நிற்காமல் குதிக்கிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். மின்கம்பி இல்லை, செல்போன் இல்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் காயில் உறையைக் கழற்றச் சொல்லத் தோன்றியது. காயிலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரக் கருமணல் ஒரு கைப்பிடி அளவுக்கு அடைந்து கிடந்திருக்கிறது. கருமணலில் மேக்னடைட் நிறைய இருக்கும். அவர் காயிலை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த மண் உறைக்குள் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது, பிறகு எண் எப்படி நிற்கும்? கழுவிக் காயவைத்து மாட்டியபின் மூன்றாவது ஏற்ற இறக்கத்திலேயே எண் நின்றுவிட்டதாம். நானும் என் உறையைக் கழற்றிப் பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றியதில்லை என்பதை உள்ளே இருந்ததைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.