குரோன் நோயா, குடல் காசநோயா: கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டோஸ்கோபி அறைக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைப் புதுக் கருவிகளை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம். ரத்தப்போக்கை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பது, ஓயாத வயிற்றுப்போக்கைச் சூடு என்று சொல்லி மோர் குடிப்பது போன்றவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும் ஒரு நாள்பட்ட அழற்சி நோயை, இன்று குரோன் நோய் என்று சொல்வதை, காசநோயிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் நாட்டில் அந்தப் பிரிவினை முடிந்தபாடில்லை. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே விரும்புகின்றன. இரண்டிலும் வலி, எடைக் குறைவு, காய்ச்சல், புண், சுருக்கம் எல்லாம் உண்டு. திசுவில் கிரானுலோமா என்னும் அழற்சி அணுக்களின் திரள் தென்படுவதும் இரண்டுக்கும் பொது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆபத்து.

நாள் குறிக்காமல் காசநோய் மருந்தைத் தொடங்குவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. பயாப்ஸி (திசுத் துணுக்குச் சோதனை) உறுதியாக எதையும் சொல்லவில்லை, ஸ்கேனும் இரண்டுங்கெட்டானாக இருக்கிறது என்றால் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் ஏற்கப்பட்ட வழிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. கொடுத்துவிட்டுப் பார்க்காமல் இருக்கிறார்களே, அதுதான் பிரச்சினை.

பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் எங்களிடம் வந்தபோது, அவர் கையிலிருந்த கோப்பு ஒரு செங்கல் கனம் இருந்தது. வலது அடிவயிற்றில் வலி, கொலனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பதில்) புண்கள், முடிவில் “காசநோயாக இருக்கலாம்”. ஆறு மாதம் மருந்து. பசி எடுத்தது, எடை கூடியது, குணமாகிவிட்டது என்று எழுதி அனுப்பினார்கள். சில மாதங்களில் வலி திரும்பியது. நோயும் திரும்பிவிட்டது என்று மறுபடியும் அதே மருந்து, இம்முறை ஒன்பது மாதம். இடையில் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தது. அதற்குப் பிறகும் வலி நீடித்ததால், மருந்துக்கு அடங்காத காசநோய் என்று பேச்சு எழுந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒருமுறைகூட யாரும் குடலுக்குள் திரும்ப எட்டிப் பார்க்கவில்லை. எங்களிடம் வந்தபோது குடல் அடைத்திருந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டு குரோன் நோய் என்று சொன்னது.

காசநோய் மருந்து சாப்பிடும் குரோன் நோயாளிகளில் கணிசமானோருக்கு முதலில் உடம்பு தேறுவது போலத்தான் இருக்கும். குரோன் தானாகவே ஏறி இறங்கும் நோய். இறங்கும் பருவத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். அதனால் “சார், பசிக்கிறது என்கிறார், பிறகு எதற்குக் கொலனோஸ்கோபி?” என்று கேட்கும் மாணவரிடம், பசியை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்பேன். பார்க்க வேண்டியது புண் ஆறியதா என்பதை. குடல் காசநோயாக இருந்தால், சரியான மருந்து தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் புண்கள் ஆறியிருக்கும். குரோன் புண்கள் அநேகமாக அப்படியே இருக்கும். டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட இந்திய மையங்களின் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. குரோன் நோயாளி வீணாகக் காசநோய் மருந்து சாப்பிடும் காலம் நீள நீளக் குடல் சுருங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் இங்கிருந்தே வந்த கண்டுபிடிப்பு.

எனவே மருந்துச் சீட்டு எழுதும் அன்றே அடுத்த கொலனோஸ்கோபிக்கும் நாள் எழுதிவிடுங்கள். இரண்டாம் மாத முடிவில் நான்கு மருந்து மூன்றாகும்போது நோயாளி எப்படியும் வருவார்; அதை ஒட்டியே வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஆறியிருக்க வேண்டியது புண். காசநோயால் வந்த சுருக்கம், கிருமி ஒழிந்த பிறகும் தழும்பாகத் தங்கிவிடுவதுண்டு. சுருக்கம் விரியவில்லை என்பதற்காக மருந்து தோற்றுவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

எல்லாத் துணுக்குகளையும் ஃபார்மலினில் போடுவது

புண் ஆறவில்லை என்றால் அது குரோனாக இருக்கலாம், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயாகவும் இருக்கலாம். இதைப் பிரிக்கக் கிருமி வளர்ப்புச் சோதனை வேண்டும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் விழுந்த துணுக்கில் எந்தக் கிருமியும் வளராது. முதல் கொலனோஸ்கோபியிலேயே சில துணுக்குகளைச் சலைனில் போட்டுக் கிருமி வளர்ப்புக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்புங்கள். சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் குடல் திசுவில் கிருமிகள் குறைவு. ஆகவே கிருமி இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் காசநோய் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

கொலனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் நுழையாமல் திரும்புவது

திரும்பாதீர்கள்.

கால்புரோடெக்டினிடம் அதற்குத் தெரியாததைக் கேட்பது

மலத்தில் பார்க்கும் இந்தப் புரதம் வெள்ளையணுக்களிலிருந்து வருவது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. பல இளைஞர்களைத் தேவையற்ற கொலனோஸ்கோபியிலிருந்து இது காப்பாற்றுகிறது. கூடியிருந்தால் குடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்பது மட்டுமே செய்தி. குரோன், காசநோய், சாதாரணத் தொற்று, மூட்டு வலிக்குத் தினமும் விழுங்கும் டைக்குளோஃபினாக், எதனாலும் அது ஏறும். அறிக்கையில் 600 என்று பார்த்ததும் “குரோன்தான்” என்று அறிவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வலி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

ரத்தத்தில் காசநோயைத் தேடுவது

எதிரணுக்களை வைத்துக் காசநோயைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ரத்தச் சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2011-இல் நிராகரித்தது. இந்தியா 2012-இல் தடை செய்தது. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ, ரத்தத்தில் பார்க்கும் இக்ரா ஆகிய சோதனைகள் கிருமி உடம்பில் எப்போதோ நுழைந்ததைச் சொல்லும். பலருக்கும் அப்படி நுழைந்திருக்கும் நம் நாட்டில் அது பாதிக் கதைகூட இல்லை.

ஸ்டீராய்டில் ஆரம்பிப்பது

பெருங்குடல் முழுக்கப் புண், சளியும் ரத்தமுமாகப் போகிறது, எனவே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலைத் தாக்கும் இன்னொரு அழற்சி நோய்) என்று உடனே ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே இருப்பது அமீபாவாக இருக்கும் பட்சத்தில் குடல் ஓட்டையாகும். மலப் பரிசோதனைக்கு ஒரு நாள் காத்திருக்கலாம். நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகளிலும் இதே அவசரம் ஆகாது. அம்மருந்து 1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. 2001-க்குள்ளேயே, உறங்கிக்கிடந்த காசநோயை அது எழுப்பிவிடுகிறது என்று தெரிந்துவிட்டது. மேலே பாதிக் கதைகூட இல்லை என்று சொன்ன இக்ரா சோதனைக்கும் மார்பு எக்ஸ்ரேக்கும் உண்மையான வேலை இந்த இடத்தில்தான்.

ஸ்கேனில் குடலை மட்டும் பார்ப்பது

சிறுகுடலைக் காட்டும் சி.டி. என்டரோகிராபி ஸ்கேனில் குடல் நீளமாக, விட்டுவிட்டுப் பாதித்திருந்தால் குரோன் பக்கம் சாயலாம். பக்கத்து நிணநீர்க் கட்டிகள் பெருத்து, நடுவில் அழுகிய தோற்றம் இருந்தால் காசநோய். கட்டிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கை வந்தால், கதிரியக்க மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசனவாயருகே பவுத்திரம் இருக்கிறதா என்று நோயாளியிடமும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. இருந்தால் குரோன் சந்தேகம் வலுக்கிறது.

அல்ட்ராசவுண்டை ஏளனம் செய்வது

குடல் சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்று வெளிநோயாளிப் பிரிவிலேயே பார்த்துவிடலாம். பேதி மருந்து வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. பழகிய கை வேண்டும், அவ்வளவுதான்.

கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபிக்கு அவசரப்படுவது

சாப்பிட்டதும் வயிறு உப்பிச் சுருட்டிப் பிடிக்கிறது என்று நோயாளி சொன்னால், குடல் சுருங்கியிருக்கலாம். விழுங்கும் கேமராவான கேப்ஸ்யூல் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளும். முதலில் ஸ்கேன்.